பெரியப்பாவுக்கு என்ன பட்டம் போடுறது?

(சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. கணினி முன்னால் மாணிக்கம். சின்ன வயதில் சுவர் எழுதியவர், பிறகு தட்டி போர்டு, இப்போது ஃப்ளெக்ஸ். எல்லாக் கட்சிக்கும் வேலை செய்திருக்கிறார், எல்லாக் கட்சியிலும் பாக்கி நிற்கிறது. எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் செல்வம்.)

செல்வம்: போட்டோ நடுவுல வரட்டும்ணே. மேல பேரு. பேருக்கு முன்னாடி ஒரு பட்டம்.

மாணிக்கம்: பட்டத்துக்கா பஞ்சம்? ‘கருணைக் கடல்’, ‘கொடை வள்ளல்’, எல்லாம் ரெடியா ஃபைல்ல கிடக்கு.

செல்வம்: வள்ளல்னு போட்டா தெருவே சிரிக்கும். டீக்கடையில ஒருத்தருக்கும் ஒரு டீ வாங்கித் தந்தது கிடையாது. அரசியல் பட்டமா வேணும்ணே. பெரியப்பாவுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை 90 முடியுது. வாழ்நாள் பூரா அரசியல் பேசியே காதுல ரத்தம் வரவச்ச மனுஷன்.

மாணிக்கம்: எந்தக் கட்சி?

செல்வம்: அங்கதான் இடிக்குது.

மாணிக்கம்: ஓ, கட்சி தாவினவரா? அதுக்கும் பட்டம் இருக்கு. ‘அரசியல் சாணக்கியர்’.

செல்வம்: அவரு தாவவே இல்லண்ணே. அவருக்கு மூணே விஷயம். சாராயக்கடை இருக்கக் கூடாது. இந்தியைத் திணிக்கக் கூடாது. ரேஷன்ல அரிசி ஒழுங்கா வரணும். இருபது வயசுல என்ன சொன்னாரோ, இன்னிக்கும் அதேதான்.

மாணிக்கம்: அப்புறம் என்ன கஷ்டம்? அதைச் சொல்ற கட்சி எதுவோ அது பேரைப் போட்டுருவோம்.

செல்வம்: எந்த வருஷத்துல சொல்ற கட்சி?

(மாணிக்கம் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பி உட்காருகிறார்.)

மாணிக்கம்: சரி, முதல்லேர்ந்து வருவோம். மதுவிலக்குன்னா நம்ம ஜில்லாதான் ஆரம்பம். 1937ல ராஜாஜி கொண்டாந்தாரு. ‘பழுத்த காங்கிரஸ்காரர்’. அடிச்சிடவா?

செல்வம்: அவசரப்படாதீங்க. அடுத்த வருஷமே அதே ராஜாஜி பள்ளிக்கூடத்துல இந்தியைக் கட்டாயமாக்கிட்டாரு. எங்க தாத்தா அன்னிக்கு காங்கிரஸை விட்டவருதான்.

மாணிக்கம்: அப்ப ராஜாஜி உங்க குடும்பத்துக்கு எதிரி.

செல்வம்: பரம எதிரி. பின்னாடி அவரே இந்திக்கு எதிரா மேடை ஏறுற வரைக்கும்.

மாணிக்கம்: அட, ஆமால்ல. சரி விடு, ‘திராவிடப் போராளி’. நீதிக்கட்சி திராவிடர் கழகமா பேரு மாறினதும் 1944ல இதே சேலத்துலதான். ஊர்ப் பெருமையும் சேரும்.

செல்வம்: 1949ல அண்ணா ராயபுரத்துல தி.மு.க. ஆரம்பிக்கும்போது பெரியப்பாவுக்கு 14 வயசு. மீசை முளைக்கிறதுக்கு முன்னாடி கொள்கை முளைச்சிருச்சு. உங்களை மாதிரியே சுவர் எழுதுவாராம். ‘அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு.’

மாணிக்கம்: நல்ல வாசகம். நீட்டா ஒரு சுவர் போதும்.

செல்வம்: 1962ல சீனாக்காரன் சண்டை. அடுத்த வருஷம் பிரிவினை பேசுறவங்க தேர்தல்ல நிக்க முடியாதுன்னு டெல்லியில சட்டம். திராவிட நாடு வேண்டாம்னு கட்சி முடிவு பண்ணிருச்சு. சேதி வந்தப்ப பெரியப்பா பாதிச் சுவர்ல நிக்கிறாரு. முதல் பாதி கேன்சல். மிச்சம் இருக்கிறது சுடுகாடு மட்டுந்தானேடான்னு பாட்டி கேட்டாங்களாம்.

மாணிக்கம்: சுண்ணாம்புக் காசு யாரு கொடுத்தா?

செல்வம்: அதுலதான் குறியா இருப்பீங்க.

மாணிக்கம்: தம்பி, கட்சிக்காரனுக்குக் கொள்கை மாறினா ஒரு தீர்மானம் போட்டா முடிஞ்சுது. சுவர் எழுதுறவனுக்கு ரெண்டு கோட் அடிக்கணும். சரி, 1967ல ஜெயிச்சாங்களே, அப்ப சந்தோஷமா இருந்திருப்பாரே?

செல்வம்: இருந்தாரு. ஆனா தலை கொஞ்சம் சுத்திச்சு. மேடையில அண்ணா. ஒரு பக்கம் ராஜாஜியோட சுதந்திராக் கட்சி, அரசாங்கம் எதுலயும் மூக்கை நுழைக்கக் கூடாதுங்கிற கட்சி. இன்னொரு பக்கம் மார்க்சிஸ்ட் தோழர்கள், எல்லாத்தையும் அரசாங்கமே எடுத்துக்கணும்ங்கிறவங்க. 1952ல முதலமைச்சரா இருந்தப்ப கம்யூனிஸ்ட்தான் என் முதல் எதிரின்னு சொன்னவரு ராஜாஜி.

மாணிக்கம்: முதல் எதிரி, அதனால முதல் வரிசையில சீட்டு. பெரியார் எங்க இருந்தாரு?

செல்வம்: அந்தத் தேர்தல்ல காமராசர் பக்கம்.

மாணிக்கம்: காங்கிரஸ் பக்கமா? 1925ல காஞ்சிபுரத்துல காங்கிரஸே வேண்டாம்னு எந்திரிச்சு வந்தவராச்சே?

செல்வம்: 1954ல ராஜாஜி போய் காமராசர் வந்தப்பவே ஆதரிக்க ஆரம்பிச்சிட்டாரு. வேடிக்கை என்னன்னா, ஜெயிச்சதும் அண்ணா நேரா திருச்சிக்குப் போய் பெரியாரைப் பார்த்தாரு. கூட நின்னு ஜெயிக்கவச்ச ராஜாஜி சீக்கிரமே எதிர்ப்பக்கம் போயிட்டாரு.

மாணிக்கம்: எனக்கு இந்த ஆர்டர் வந்திருந்தா எல்லா கட்அவுட்டுக்கும் அடியில சக்கரம் வச்சிருப்பேன்.

செல்வம்: 1971ல மதுவிலக்கை கலைஞர் ஒத்திவச்சாரு. பெரியப்பா அன்னிக்கு ராத்திரியே உறுப்பினர் கார்டைத் திருப்பி அனுப்பிட்டாரு. மறுநாளே காமராசரோட பழைய காங்கிரஸ்ல போய் நிக்கிறாரு. அங்க பார்த்தா, பக்கத்துலயே ராஜாஜி.

மாணிக்கம்: இவரு எங்க போனாலும் ராஜாஜி முன்னாடியே வந்துடுறாரே!

செல்வம்: அந்த வருஷத் தேர்தல்லயே காமராசரும் ராஜாஜியும் கூட்டு. இந்தப் பக்கம் தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் கூட்டு. 1969ல காங்கிரஸ் ரெண்டா உடைஞ்சதால எல்லாருக்கும் வசதியாப் போச்சு. எதிர்க்கிறதுக்கு ஒரு காங்கிரஸ், சேர்றதுக்கு ஒரு காங்கிரஸ்.

மாணிக்கம்: ஆனா 1974ல கலைஞர் திரும்பக் கடையை மூடிட்டாரே. பெரியப்பா திரும்பிப் போயிருக்கலாமே?

செல்வம்: போயிருக்கலாம். ராஜினாமாக் கடிதத்துல எழுதியிருந்த வார்த்தைங்க அப்படி. 1975ல காமராசர் போயிட்டாரு. அடுத்த வருஷம் பழைய காங்கிரஸ்ல பெரும்பகுதி இந்திராவோட சேர்ந்துருச்சு. மிச்சம் 1977ல ஜனதாவுல. பெரியப்பா கட்சி ஆபீஸ் போனா, ரெண்டு பூட்டு தொங்குதாம்.

மாணிக்கம்: அப்புறம் எம்.ஜி.ஆர்.

செல்வம்: வேற போக்கிடம்? மதுவிலக்கு வேணும்னு கணக்குக் கேட்டுக் கிளம்பினவராச்சே. கொள்கை என்னன்னு கேட்டா அண்ணாயிசம்னாங்க. அண்ணாயிசம்னா என்னன்னு கேட்டா, எல்லா இசத்துலயும் இருக்கிற நல்லதுன்னாங்க. பெரியப்பா அதுக்கு மேல கேக்கல. கேட்டவங்களை யாரும் திரும்பக் கூப்பிடலயாம்.

மாணிக்கம்: எம்.ஜி.ஆர் கொள்கைன்னா எனக்கு அந்த 9,000 ரூபா ஞாபகம் வரும்.

செல்வம்: அது என்னது?

மாணிக்கம்: நீ பொறக்கல. 1979ல பிற்பட்டவங்க இட ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு போட்டாரு. வருஷம் 9,000க்கு மேல போனா கிடையாது. 1980 ஜனவரியில எம்.பி. தேர்தல். 39ல ரெண்டு சீட்டு. உடனே வரம்பும் போச்சு, 31 சதவீதம் 50 ஆவும் ஆச்சு.

செல்வம்: எப்படிண்ணே அவ்வளவு சீக்கிரம் கொள்கை தெளிஞ்சுது?

மாணிக்கம்: ஓட்டு எண்ணினாங்கல்ல? அதே தேர்தல்ல நான் பொடியன், எங்க வாத்தியாருக்குச் சாய வாளி பிடிக்கிற வேலை. ‘நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக’ன்னு தி.மு.க. சுவர். 1976ல அந்தம்மா ஆட்சியைக் கலைச்சு, மிசாவுல ஆளுங்களைப் பிடிச்சு உள்ள வச்சு, அதுக்கு நாங்க எழுதின கண்டனம் அதே சுவத்துல அடியில லேசாத் தெரியுது. எத்தனை கோட் அடிச்சாலும் ‘சர்வாதிகாரி’யில இருந்த ‘ரி’ மட்டும் போகவே இல்ல. ‘நேருவின் மகளேரி வருக’.

செல்வம்: யாரும் கேக்கலையா?

மாணிக்கம்: ஏரிக்கு ஏதோ திட்டம்னு நினைச்சுக்கிட்டாங்க. அதெல்லாம் பரவால்ல. 1998ல பா.ஜ.க.வோட அ.தி.மு.க. மறு வருஷம் ஏப்ரல்ல ஒரே ஓட்டுல வாஜ்பாய் ஆட்சி கவுந்துது. அடுத்த தேர்தல்ல பா.ஜ.க.வோட தி.மு.க. நான் வாஜ்பாய் தட்டியைக் கழட்டவே இல்லையே! பக்கத்துல இருந்த தட்டியை மட்டும் மாத்தினேன். என் தொழில்லயே லாபமான வருஷம் அது. சரி, பெரியப்பாவோட எம்.ஜி.ஆர் பக்தி என்னாச்சு?

செல்வம்: 1981ல சாராயக்கடை, கள்ளுக்கடை திறந்தாங்க. 83ல டாஸ்மாக். முடிஞ்சுது. அதுக்கப்புறம் எங்கயும் சேரல. திண்ணையோட சரி.

மாணிக்கம்: 2016ல ரெண்டு கழகமும் மதுவிலக்குன்னு அறிக்கை விட்டாங்களே? ஒருத்தரு உடனே, ஒருத்தரு படிப்படியா.

செல்வம்: ஓட்டு மெஷின் முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டாரு. மெஷின் ரிப்பேர்னு ஏஜென்டுங்க கத்த ஆரம்பிச்சிட்டாங்க.

(மாணிக்கத்தின் பையன் டீ கொண்டுவருகிறான். ஒரு டீதான். பெரியப்பாவின் கதையைக் கேட்டதன் பாதிப்பாக இருக்கலாம்.)

செல்வம்: அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா பையன் ‘இடதுசாரிச் சிந்தனையாளர்’னு போடச் சொல்றான். 1789ல பிரெஞ்சு சபையில ராஜாவை எதிர்த்தவங்க இடப்பக்கம் உக்காந்தாங்களாம், ஆதரிச்சவங்க வலப்பக்கம்.

மாணிக்கம்: பெரியப்பா எங்க உக்காந்திருப்பாரு?

செல்வம்: ராஜா மதுவிலக்கு கொண்டுவருவாரான்னு கேட்டுட்டு வாசல்லயே நின்னிருப்பாரு. அவன் சொல்றதை நம்ப முடியாதுண்ணே. அங்க அடிமைமுறையை ஒழிச்ச லிங்கன் எந்தக் கட்சின்னு கேட்டேன், ரிபப்ளிகன்னான். இப்ப நீ எந்தக் கட்சின்னேன், அதுக்கு நேர் எதிர்க்கட்சியாம். நடுவுல என்னடா நடந்துச்சுன்னு கேட்டா, போன்ல சார்ஜ் இல்லைன்னுட்டான்.

மாணிக்கம்: பொதுவா ஒண்ணு போட்டுருவோம். ‘சோசலிஸ்ட்’. ரேஷன் அரிசி கேக்குறாருல்ல?

செல்வம்: 1955ல ஆவடியில காங்கிரஸ் சோசலிச பாணின்னு தீர்மானம் போட்டுச்சு. 1991ல அதே காங்கிரஸ்தான் சந்தையைத் திறந்து விட்டுச்சு. 1980ல பா.ஜ.க. ஆரம்பிச்சப்ப அவங்களும் காந்திய சோசலிசம்னுதான் சொன்னாங்க.

மாணிக்கம்: பா.ஜ.க.வா? நெசமாவா?

செல்வம்: அதை விடுங்க. 1989லேர்ந்து இந்தியாவுல எந்தக் கட்சியைப் பதிவு பண்ணணும்னாலும், சோசலிசத்துக்கு விசுவாசமா இருப்போம்னு தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்கணும். சட்டம். முதலாளிங்களுக்காகவே கட்சி ஆரம்பிச்சாலும் சட்டப்படி அது சோசலிஸ்ட் கட்சி.

மாணிக்கம்: போன வாரம் ஒருத்தரு பெரிய காருல வந்து, பில்லுல பாதிதான் தருவேன்னு போனாரு.

செல்வம்: எழுதிக் கொடுத்தபடி நடந்துக்கிறாரு. உங்க காசு, பொதுச் சொத்து.

மாணிக்கம்: யோவ், கட்சியே வேணாம். அவரு மாறாம நின்ன விஷயத்தையே போட்டுருவோம். ‘மதுவிலக்கு மாவீரர்’. எப்படி?

செல்வம்: (குரலைத் தாழ்த்தி) பேனருக்குக் காசு போடுறது அவரு மாப்பிள்ளை.

மாணிக்கம்: அதனால?

செல்வம்: மாப்பிள்ளை டாஸ்மாக் பார் ஏலம் எடுத்திருக்காரு. கீழ ‘இவண்’ போட்டு அவரு படந்தான் பெரிசா வரும்.

(சிறிது நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.)

மாணிக்கம்: சும்மா வாழ்த்து போடுவோம். ‘எங்கள் குலத்தின் உதயசூரியனே’...

செல்வம்: அண்ணே!

மாணிக்கம்: ஐயோ, சின்னம். ‘கைகொடுத்துத் தூக்கிவிட்ட’... அதுவும் சின்னம். ‘தாமரை முகத்தானே’... வேணாம். ‘சேலத்து மாம்பழமாய் இனிக்கும்’... ச்சே, ஊர்ப் பழத்தையும் எடுத்துக்கிட்டாங்க. ‘வெற்றி முரசு கொட்டிட’... ம்ஹூம்.

செல்வம்: ‘அனைவருக்கும் தலைவாழை இலையில் விருந்து’?

மாணிக்கம்: ஒரு இலைன்னா தப்பிச்சிடலாம். கூட்டம் வந்தா ரெண்டாவது இலை போடணும்.

செல்வம்: பட்டமே வேண்டாம்ணே. படம், பேரு, வயசு. 90ன்னு பெரிசாப் போடுங்க, ரோட்டுலேர்ந்து தெரியணும்.

(மாணிக்கம் அடித்துப் பார்க்கிறார். திரையில் பெரியப்பா சிரிக்கிறார். பக்கத்தில் பிரம்மாண்டமாக 90. கீழே கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை.)

மாணிக்கம்: தம்பி, நல்லாப் பாரு. பெரிசா 90. அதுக்குக் கீழ பார்க்கார மாப்பிள்ளை.

செல்வம்: அட கடவுளே. சாயங்காலத்துக்குள்ள 90 மில்லி என்ன ரேட்டுன்னு கேட்டு வந்துருவானுங்க.

மாணிக்கம்: ‘தொண்ணூறு’ன்னு எழுத்துல போட்டுருவோமா?

செல்வம்: குடிக்கிறவன் அதையும் படிப்பான்ணே. ‘எண்பத்தொன்பது முடிந்து ஓராண்டு’ன்னு போடுங்க.

மாணிக்கம்: அவ்வளவு நீளத்துக்கு ரெண்டு அடி சேரும். சதுர அடிக்கு என்ன ரேட்டுன்னு மாப்பிள்ளைகிட்ட போன் பண்ணிச் சொல்லிடு. அட்வான்ஸ் வாங்காம நான் பிரிண்ட் குடுக்க மாட்டேன்.