கல்லறை வாசலில் ஒரு சொத்துப் பத்திரம்

பாறையில் குடைந்த பழங்காலக் கல்லறைப் படத்தை யாராவது பகிர்ந்தால், கீழே வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்தக் காலத்திலேயே இதை எப்படிச் செதுக்கினார்கள்?" விடை அந்தப் பாறையிலேயே இருக்கிறது. சவூதி அரேபியாவின் ஹெக்ராவில், தனிப்பாறையில் நிற்கும் கஸ்ர் அல் ஃபரீத் என்ற கல்லறையைப் பாருங்கள். மேல்பகுதி இழைத்து முடிந்திருக்கிறது. அடியில் உளி கொத்திய தழும்பு அப்படியே நிற்கிறது. உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கி வந்தவர்கள், முடிக்காமலே போய்விட்டார்கள்.

எனக்கு ஆர்வம் வேறொன்றில். வாசலுக்கு மேல் எழுதி வைத்திருக்கிறார்களே, அதில்.

ஹெக்ராவில் பண்டைய அரபு மக்களான நபத்தேயர்கள் வெட்டிய பெரிய கல்லறைகள் 111. பெரும்பாலும் கி.மு., கி.பி. முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அங்குள்ள கல்வெட்டுகளில் இறந்தவர் புகழைத் தேடினால் ஏமாந்துதான் போவோம். அவை கிட்டத்தட்ட சொத்துப் பத்திரங்கள். இது இன்னாருடையது, உள்ளே யார் யாரை அடக்கம் செய்யலாம், எந்த அரசரின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எல்லாம் இருக்கும். அப்புறம் தடைப் பட்டியல்: விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. மீறினால் துஷாரா தெய்வத்தின் சாபம். சிலவற்றில் தெய்வத்துக்கும் அரசருக்கும் தனித்தனியே அபராதம் வேறு.

நடக்காத தப்புக்கு யாரும் மெனக்கெட்டுக் கல்லில் தடை வெட்டி வைக்க மாட்டார்கள். தாத்தாவின் கல்லறையை அடகு வைத்த பேரன்கள் அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான், ஆனால் தைரியமாகச் சொல்வேன். ஒட்டகப் பாதையில் வணிகம் செய்து வளர்ந்த சமூகத்துக்குச் சாவும் சொத்து விவகாரம்தான்.

உரிமையாளர்களில் படைத் தலைவர்கள் உண்டு, கஹ்லான் என்ற மருத்துவர் உண்டு, பெண்களும் உண்டு. கம்கம் என்பவரும் அவர் மகளும் தங்களுக்காகவும் தங்கள் சந்ததிக்காகவும் வெட்டுவித்த கல்லறையின் கல்வெட்டு கி.மு. 1ஆம் ஆண்டை ஒட்டியது. பெண் பெயரில் சொத்து, அதுவும் கல்லில்!

இந்த மனிதர்கள் குடியிருந்த வீடுகளோ பச்சை மண் செங்கல். கரைந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. சிசிலியின் பாந்தலிகாவில் இது இன்னும் மோசம். மலை இடுக்கின் சுண்ணாம்புப் பாறைச் சுவர்களில் 5000க்கும் மேற்பட்ட கல்லறைகள் தேன்கூட்டு அறைகள்போல இருக்கின்றன. அத்தனை பேரும் வாழ்ந்த ஊரின் தடயம் மிகக் குறைவு. உடனே "சாவையே நினைத்து வாழ்ந்த மக்கள்" என்று எழுதிவிடுகிறோம். எனக்கு இது எரிச்சலூட்டும். கல் நின்றது, மரமும் மண்ணும் போயின, அவ்வளவுதான்.

இத்தாலியின் செர்வெட்டெரியில், ரோமர்களுக்கு முன்பே அங்கே செழித்த எட்ருஸ்கர்கள் நமக்குக் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறார்கள். மென்மையான எரிமலைப் பாறையில் தெருவும் சின்னச் சதுக்கமும் வைத்து இறந்தவர்களுக்கு ஒரு நகரமே வெட்டினார்கள். உள்ளே கூரை உத்தரம், நாற்காலி, கட்டில், எல்லாம் கல்லில். ஒரு கல்லறையின் சுவரிலும் தூணிலும் கத்தி, கயிறு, பாத்திரம் என்று வீட்டுச் சாமானையே புடைப்புருவமாக்கி மாட்டியிருக்கிறார்கள். எட்ருஸ்கர் வீட்டின் உள்ளமைப்பு நமக்குத் தெரிவதே முக்கியமாக இவற்றால்தான். ஆனால் அது வசதியான குடும்பத்தின் வீடு, அதுவும் அவர்கள் காட்ட விரும்பிய வீடு. அடுப்பூதியவரின் குடிசை அதில் இருக்காது.

ஹெக்ராவிலும் பெரிய கல்லறைகளைச் சுற்றி எளிய குழிகள் ஏராளம். அவற்றை யாரும் படமெடுத்துப் பகிர்வதில்லை. ஆனால் செதுக்கிய கொத்தர்கள் சிலர் மட்டும் உரிமையாளரின் பத்திரத்துக்கு அடியிலேயே தங்கள் பெயரையும் வெட்டிவிட்டார்கள். அஃப்தஹ் என்ற கொத்தரின் பெயர் ஒன்றிரண்டல்ல, பல கல்லறைகளில் இருக்கிறது. ஊரில் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியிருப்பார் போல.