மூன்று மில்லிமீட்டரில் மொட்டையடிக்கிறார்கள்

ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள், அதாவது முன்னாலும் பின்னாலும் ஷாக் வைத்த மலைப்பாதை சைக்கிள் விற்கிறவர்கள் எல்லாரிடமும் ஒரே பேச்சுத்தான். "இப்போதைக்கு இதை எடுத்துக்குங்க சார், அப்புறம் ஒவ்வொண்ணா அப்கிரேட் பண்ணிக்கலாம்." அந்த அப்புறம் வந்து, காசை எடுத்துக்கொண்டு போய் நின்றால் அதே வாய், "இந்த ஃபிரேமுக்கு இப்ப எதுவுமே வர்றதில்லீங்க, புது வண்டியா எடுத்துருங்க" என்கிறது. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய சைக்கிளைப் பற்றி இப்படிச் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ.

என் வண்டியில் பழுதானது என்ன தெரியுமா? பின் ஷாக்கை ஃபிரேமோடு பூட்டும் காதுக்குள் உட்கார்ந்திருக்கும் புஷ். சீட்டைப் பிடித்து லேசாகத் தூக்கினால், சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே ‘டொக்’ என்று ஓர் ஆட்டம். ஷாக்கின் காதில் விரலை வைத்துக்கொண்டு தூக்கினால் அந்த ஆட்டம் விரல்நுனியிலேயே தெரியும். புஷ் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே வழுக்கும் பூச்சு பூசிய மெல்லிய உலோக வளையம் அது. பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைஸில் வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. பொருளின் விலை சில நூறு ரூபாய்.

கோயம்புத்தூரில் பெரிய கடை என்று பெயரெடுத்த ஒன்றில் கேட்டேன். புஷ் இல்லை. வரவழைக்கவும் முடியாதாம். ஷாக்கையே மாற்றச் சொன்னார்கள். சரி, ஷாக் இருக்கிறதா என்றால், என் ஃபிரேமுக்கு வேண்டிய 200-க்கு 57 அளவு (மி.மீ.யில் ஷாக்கின் நீளம் 200, அமுங்கும் தூரம் 57) வருவதில்லையாம். அப்புறம் என்ன செய்ய என்று கேட்டால், புது மாடல் பட்டியலை எடுத்து மேசைமேல் பரப்புகிறார்கள். ஒரு வளையத்தைக் கேட்டு வந்தவன் தலையில் ஒரு முழு சைக்கிளைக் கட்டப் பார்க்கிறார்கள். பொத்தான் அறுந்தது என்று தையற்கடைக்குப் போனவனிடம் சட்டை, பேன்ட் இரண்டையும் புதிதாகத் தைத்துக்கொள்ளச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அந்த 200-க்கு 57 ஏன் அநாதையானது என்பது தனிக் கதை. முன்பெல்லாம் பின் ஷாக்குகள் அங்குலக் கணக்கில் வந்தன, என் 200-ம் அந்தக் கணக்கை மி.மீ.க்கு மாற்றிச் சொல்வதுதான். 2016-இல் ஷாக் கம்பெனியான ராக்‌ஷாக்ஸ் முன்னின்று ‘மெட்ரிக்’ அளவுகளைக் கொண்டுவந்தது. நீளம் 190, 210, 230, 250 என்று வரிசையாகப் போகும். ஷாக்குக்குள் புஷ்களுக்கு இன்னும் இடம் கிடைக்கும், உராய்வு குறையும் என்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 190-க்கும் 210-க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட 200 என்ன ஆனது? 190 போட்டால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து பெடல் கல்லில் இடிக்கும். 210 போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு முன் ஃபோர்க்கின் கோணமே மாறிவிடும். சில ஃபிரேமில் மாட்டவே முடியாது. ஷாக்கில் 10 மி.மீ. என்றால் பின் சக்கரத்தில் சுமார் 25 மி.மீ., ஏனென்றால் பெரும்பாலான ஃபிரேம்களில் லீவரேஜ், அதாவது ஷாக்கைவிடச் சக்கரம் எத்தனை மடங்கு நகர்கிறது என்பது, இரண்டரை மடங்கு போல இருக்கும். விரிசல் ஒன்றுகூட இல்லாத ஃபிரேமை இந்த ஒரு கணக்கு தூக்கி மூலையில் போட்டுவிட்டது.

இதுவாவது பத்து மில்லிமீட்டர். மற்ற இடங்களில் மூன்றே மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுகிறார்கள்.

பின் ஆக்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 142 மி.மீ. அகலம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2014, 2015 வாக்கில் ‘பூஸ்ட்’ என்று 148 வந்தது. பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர். 29 அங்குலச் சக்கரத்துக்கு நடுவில் இருக்கும் ஹப்பின் விளிம்புகள் தள்ளி இருந்தால் ஸ்போக்குகள் நல்ல கோணத்தில் நிற்கும், சக்கரம் உறுதியாக இருக்கும் என்பது காரணம். சரி, நல்லதுதான். அதோடு நின்றார்களா? 157 என்று இன்னொன்றையும் இறக்கினார்கள். ஒருவர் பழைய வண்டியின் நல்ல சக்கரத்தைக் கழற்றிப் புது ஃபிரேமில் மாட்டலாம் என்று நினைத்தால் ஹப்புக்கு அடாப்டர், பிரேக் தட்டான ரோட்டாருக்கு ஸ்பேசர் என்று அலைய வேண்டும். புதுச் சக்கரத்தைப் பழைய ஃபிரேமில் மாட்ட நினைத்தால் அதற்கு வழியே கிடையாது.

ஆக்சிலின் மரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. தடிமன் எல்லாம் ஒரே 12 மி.மீ. தான். மரையின் இடைவெளி மட்டும் ஒன்றில் 1.0, இன்னொன்றில் 1.5, மற்றொன்றில் 1.75. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்கூடப் பழகாத கண்ணுக்குத் தெரியாது. தவறானதை எடுத்து அலன் கீயால் முறுக்கினால் முதல் இரண்டு சுற்று போவதுபோல் போகும், அப்புறம் இறுகும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஃபிரேமின் அலுமினிய மரை சுருள்சுருளாகச் சீவிக்கொண்டு வெளியே வரும். இதை ஃபிரேமின்மேல் ஓரிடத்தில் அச்சடித்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? பெயரைக் கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளவென்று எழுதத் தெரிகிறது, மரை அளவை எழுதத் தெரியவில்லை.

ரோட்டார் இன்னும் மோசம். ஒருவர் 200 மி.மீ. என்கிறார், இன்னொருவர் 203 என்கிறார். பாகம் தயாரிக்கும் பெரிய கம்பெனிகளில் ஸ்ராம் ஒரு பக்கம், ஷிமானோ ஒரு பக்கம். அந்த மூன்று மில்லிமீட்டரில் பிரேக் நன்றாகப் பிடிப்பதை எந்த மனிதக் கையாலும் உணர முடியாது. ஆனால் அடாப்டர் பொருந்தாது. 200-க்கான மவுன்ட்டில் 203 ரோட்டார் போட வேண்டுமானால் காலிப்பருக்கு அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் வாஷர் கொடுக்க வேண்டும். மலை இறக்கத்தில் உயிர் அந்தப் பிரேக்கில் தொங்குகிறது, அந்த பிரேக் வாஷரில் உட்கார்ந்திருக்கிறது.

ஹேண்டில்பாரின் நடுத் தடிமன் 31.8 மி.மீ. என்றிருந்ததை 35 ஆக்கியது யார் கேட்டு? உறுதி கூடும் என்றார்கள். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் இறங்குகிறவனுக்குக் கையில் உறுதி கூடி என்ன ஆகப்போகிறது? உள்ளங்கை மரத்துப்போகும், முன்கை இறுகிப்போய் பிரேக் லீவரை இழுக்க விரல் வராது. இப்போது சில கம்பெனிகள் ‘வளைந்துகொடுக்கும் 35’ என்று தனியாக விற்கின்றன. இருந்ததைக் கெடுத்துவிட்டு, கெட்டதைச் சரிசெய்யத் தனிக் காசு. நடுவில் பார் மாற்றியவர்கள் எல்லாரும் அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையும் சேர்த்து மாற்றினார்கள்.

கேசட்டைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். பின் பல்சக்கர அடுக்கை மாட்டும் ஹப்பின் பழைய எச்ஜி அமைப்பில் சின்னப் பல்சக்கரம் 11 பல்; 10 பல்லுக்குப் போக ஸ்ராமுக்கு எக்ஸ்டி (XD) ஒன்று, ஷிமானோவுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் ஒன்று. பெடல் அச்சு சுழலும் கீழ் பிராக்கெட்டிலும் அதே கதைதான்: மரை வைத்ததை விட்டுவிட்டு அழுத்திச் செருகும் பிரஸ்ஃபிட்டுக்குப் போனார்கள், ஏகப்பட்ட வண்டிகள் கிறீச்சிட ஆரம்பித்தன, மறுபடி மரைக்கே திரும்பி வந்து அதையே சிறப்பம்சமாக விளம்பரம் செய்கிறார்கள். நடுவில் வாங்கியவன் கதி?

இவர்களால் ஒழுங்காகச் செய்ய முடியாது என்றில்லை. 2019-இல் ஸ்ராம் யுடிஎச் என்ற ஹேங்கரை, அதாவது பின் கியர் மாற்றியை (derailleur) ஃபிரேமில் தொங்கவிடும் துண்டைக் கொண்டுவந்தது. அதுவரை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு ஹேங்கர். கல்லில் தட்டி அது வளைந்தால், கைப்பிடி அளவுகூட இல்லாத அந்த அலுமினியத் துண்டுக்காக வண்டி வாரக்கணக்கில் சுவரில் சாய்ந்து நிற்கும். இப்போது போட்டிக் கம்பெனிகளின் ஃபிரேம்களிலும் அதே ஹேங்கர் வருகிறது. ஸ்ராமுக்கு அதில் சொந்த லாபக் கணக்கும் உண்டு, 2023-இல் வந்த அதன் புது கியர் செட் அந்த ஃபிரேமில்தான் உட்காரும். இருக்கட்டும். ஒரே அளவு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டால் ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு நிம்மதி என்பதற்கு அதுவே சாட்சி. அதே மனசு ஆக்சிலிலும் ரோட்டாரிலும் ஏன் வரவில்லை?

எனக்கு இதைவிட ஆத்திரம் வருவது வேறொரு விஷயத்தில். பொருளை மாற்று, மாற்று என்று நச்சரிக்கிறவர்கள் யாரும் இருக்கிற பொருளைச் சரியாகச் செட் செய்து தருவதில்லை. 55 கிலோ பையனுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஷாக்கில் ஒரே காற்று. எடை என்ன என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் ஒரு பையனைப் பார்த்தேன். இறக்கத்தில் முன் சக்கரம் துள்ளித் துள்ளி அவன் கையைப் பிடுங்குகிறது. ஃபோர்க்கின் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்த்தால் பாதித் தூரம்கூட இறங்கவில்லை. "ஃபோர்க் மட்டமானது, மாத்தணும்னு கடையில சொல்லிட்டாங்கண்ணா" என்றான். காசு சேர்த்துக்கொண்டிருந்தானாம். ஷாக் பம்பை மாட்டிப் பார்த்தால் அவன் எடைக்கு வேண்டியதைவிட எக்கச்சக்கக் காற்று. இறக்கிவிட்டு, அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டைச் சில கிளிக் திறந்துவிட்டதும் அதே ஃபோர்க் கல்லை விழுங்கிக்கொண்டு போனது. அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தக் கடைக்காரர்மேல்தான் கோபம் ஏறியது.

இது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஓட்டும் உடை, தண்ணீர்ப் பையோடு வண்டியில் ஏறி நின்று, ரப்பர் வளையத்தை ஷாக்கின் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்க வேண்டும். வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் அதுதான் ஸாக். பின்னால் 25 முதல் 30 சதவீதம், முன்னால் 15 முதல் 20. என் ஷாக்கின் 57 மி.மீ. ஓட்டத்துக்கு 30 சதவீதம் என்றால் 17 மி.மீ. காற்று ஏற்றியபிறகு ஷாக்கை மெதுவாகப் பல தடவை அமுக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எதிர்க் காற்றறையும் நிரம்பும். அமுக்காமல் அளந்தால் எல்லாம் பொய்க் கணக்கு. காற்று கூடினால் ரீபவுண்டை இறுக்க வேண்டும், குறைந்தால் தளர்த்த வேண்டும். ஸாக் சரியாக இருந்தும் பெரிய குதிப்பில் அடிவரை போய் இடித்தால் காற்றறையின் இடத்தைக் குறைக்கும் டோக்கன் ஒன்று போட வேண்டும். கடையில் கால் மணி நேரம் ஒதுக்கினால் முடிகிற வேலை. அதற்குத் தனிக் கூலி கேட்டாலும் சந்தோஷமாகக் கொடுப்போமே!

சர்வீஸ் பக்கம் போனால் இன்னும் இருட்டு. பல ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளின் கையேட்டிலேயே 50 மணி நேரம் ஓடியதும் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்லியிருக்கிறது. சனி ஞாயிறு தவறாமல் ஓட்டுகிறவனுக்கு அது சில மாதத்திலேயே வந்துவிடும். எத்தனை கடைகளில் சீல் கிட் கையிருப்பில் இருக்கிறது? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் கட்டணமும் சுங்கவரியும் சேர்ந்து கிட்டின் விலையையே தாண்டிவிடும். காய்ந்த சீலோடு ஓட்டி ஃபோர்க்கின் கால் கீறல் விழுந்தபின் அதே கடை புது ஃபோர்க்கைக் காட்டும். புது ஃபோர்க் மட்டும் எப்போதும் கையிருப்பில் இருக்கிறது, கவனித்தீர்களா?

கடைசியில் கை கொடுத்தது பம்ப்செட் வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறை. வெர்னியரை வைத்து அளந்து, ஷாக்கைப் பிடிக்கும் பின் (pin), ஸ்லீவ் இரண்டையும் அலுமினியத்தில் கச்சிதமாகக் கடைந்து கொடுத்தார் அந்த அண்ணன். புஷ்ஷை ஒரு நண்பர் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார். பின்பக்கம் ஆடுவதற்கான இணைப்பான லிங்க்கில் இருக்கும் பேரிங்குகளின் எண் 6902. எண்ணைச் சொன்னால் பேரிங் கடையிலேயே கிடைக்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சைக்கிள் லிங்க்கில் வருவது பெரும்பாலும் கூண்டு இல்லாமல் முழுக்கக் குண்டு நிரப்பியது. சாதாரண 6902-இல் குண்டு குறைவு, அளவு சரியாக உட்கார்ந்தாலும் சீக்கிரம் தேயும்.

சைக்கிளையே பார்த்திராத லேத் பட்டறையில் முடிந்த வேலை, சைக்கிளை மட்டுமே விற்கிற கடையில் முடியவில்லை என்றால் அந்தக் கடைக்கு நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம்? அடுத்த முறை யாராவது அப்கிரேட் என்று ஆரம்பித்தால் உங்கள் எடையைக் கேட்டார்களா, ஷாக்கில் காற்று எவ்வளவு என்று பார்த்தார்களா என்று கவனியுங்கள். அவர்கள் விற்கும் அந்தப் புதுப் பொருளுக்கு சீல் கிட்டும் புஷ்ஷும் இன்றைக்குக் கடையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.