கதவுக்கு உள்ளே போனவளைப் பற்றி யாராவது பேசுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் குழு போட்ட 'தி சர்ச்சர்ஸ்' திரையிடலுக்கு வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். வராதவர்களும் குழுவில் சுற்றிய குரல்பதிவைக் கேட்டிருப்பீர்கள். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. படத்தில் தேடப்பட்ட பெண்ணைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை என்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "அக்கா, நீங்க எமோஷனலா பாக்குறீங்க, சினிமாவா பாருங்க" என்று மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார்களே, அதற்காகத்தான் இந்தப் பதிவு. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நான் சொன்னதை ஒழுங்காக ஒரு முறை எழுதிவிடுகிறேன். அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டு எடுத்த வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படமான 'தி சர்ச்சர்ஸ்' நல்ல படம், சில இடங்களில் அபாரமான படம். ஆனால் உலக சினிமாவின் உச்சியில் வைத்துக் கற்பூரம் காட்டுகிற அளவுக்கு அது தகுதியான படமா என்றால், என் பதில் இல்லை என்பதுதான். கமான்சி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் தூக்கிப் போன டெபி என்ற பெண்ணை, அவள் அப்பாவின் சகோதரன் ஈத்தனும் அவள் வீட்டில் வளர்ந்த மார்ட்டினும் வருடக்கணக்காகத் தேடி அலைகிற கதை அது. அந்தப் பெண் என்ன நினைத்தாள், யாரோடு வாழ்ந்தாள், திரும்பி வர விரும்பினாளா என்று படத்துக்கும் தெரியவில்லை, படத்தைக் கொண்டாடுகிறவர்களுக்கும் தெரியவில்லை. தேடினவனைப் பற்றி மட்டும் எழுபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அன்றைக்கும் அதுதானே நடந்தது? கடைசிக் காட்சியைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேச்சு. இருட்டான வீட்டுக்குள்ளிருந்து கேமரா பார்க்கிறது, வெளியே பாலைவன வெளிச்சம், எல்லோரும் உள்ளே போகிறார்கள், ஈத்தனாக நடித்த ஜான் வெய்ன் மட்டும் வாசலில் நிற்கிறார், இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார், திரும்பி நடக்கிறார், கதவு மூடுகிறது. அப்படிக் கையைப் பிடிப்பது, மறைந்த நடிகர் ஹாரி கேரிக்குச் செய்த மரியாதை என்பதும், அவர் மனைவி ஆலிவ் கேரி அதே படத்தில் அந்த வீட்டு அம்மாவாக நடித்திருக்கிறார் என்பதும் எனக்கும் தெரியும். எனக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கதவு வழியாக, அதே நிமிடத்தில், டெபி உள்ளே போகிறாள். சின்னப் பிள்ளையாகத் தூக்கிப் போகப்பட்டு, கமான்சிகளுக்கு நடுவே வளர்ந்து, அவர்கள் தலைவன் ஸ்காரின் மனைவிகளில் ஒருத்தியாக இருந்தவள். முதல்நாள் வரை வாழ்ந்த ஊர் தாக்கப்பட்டு அழிந்திருக்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் முன்பின் பழகாத ஒரு வீட்டுக்குள் போகிறாள். அவளுக்காக ஒருவராவது தொண்டை அடைத்ததுண்டா?

இதைத்தான் கேட்டேன். இதற்குத்தான் எமோஷனல் என்று பெயர் வைத்தீர்கள்.

சரி, படத்தையே பார்ப்போம், "சினிமாவாகவே" பார்ப்போம். நடுவில் ஆற்றங்கரை மணல்மேட்டில் டெபி மார்ட்டினிடம் பேசுகிறாள். உங்களையெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, வந்து கூட்டிப் போங்கள் என்று முதலில் வேண்டிக்கொண்டேன், நீங்கள் வரவில்லை, இவர்கள்தான் என் மக்கள், போய்விடு என்கிறாள். என்ன மாதிரியான பேச்சு அது! மொத்தப் படத்திலும் அவளுக்கென்று கிடைத்த ஒரே இடம். அப்புறம் என்ன ஆகிறது? கடைசியில் மார்ட்டின் இரவில் அவள் கூடாரத்துக்குள் நுழைகிறான், அலறி எழுகிறாள், அடுத்த நொடி சரி மார்ட்டின் என்று கிளம்பிவிடுகிறாள். 'இவர்கள்தான் என் மக்கள்' என்றவள் எப்படி மாறினாள்? ஒரு காட்சி இல்லை, ஒரு வசனம் இல்லை. கமான்சிகளோடு வாழ்ந்துவிட்டாள் என்று கொல்லத் துரத்திய ஈத்தன் ஏன் கடைசியில் அவளைக் கொல்லாமல் தூக்கி அணைத்துக்கொண்டான் என்பதற்கு மட்டும் நம்மிடம் ஆயிரம் விளக்கம் இருக்கிறது. தொடக்கத்தில் குழந்தையாக அவளைத் தூக்கினான், அந்த நினைவு வந்துவிட்டது என்று உருகுகிறோம். அவன் மனம் மாறினால் அது கலை. அவள் மனம் மாறினால் அது கேட்கக்கூடத் தேவையில்லாத விஷயம்.

இதில் எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. லுக் வருகிற பகுதி. போர்வைக்குப் பண்டமாற்று செய்வதாக நினைத்துக்கொண்டு மார்ட்டின் தெரியாமல் ஒரு கமான்சிப் பெண்ணை மனைவியாக வாங்கிவிடுகிறான். அவளிடம் எதையோ விளக்க 'லுக்' என்று ஆரம்பிக்கிறான், அதையே தன் பெயர் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். அவளுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது, படத்திலேயே சொல்கிறார்கள்: இரவு வானில் பறக்கும் காட்டு வாத்து. இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு, அவன் கூப்பிடுகிற பெயருக்கு வருகிறேன் என்கிறவள். இரவு அவன் பக்கத்தில் வந்து படுக்கிறாள். அவன் எட்டி உதைக்கிறான். அவள் சரிவில் உருண்டு போகிறாள். ஈத்தன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அன்றைக்கு அரங்கத்திலும் சிரிப்பு. நல்ல சத்தமான சிரிப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு குதிரைப்படை ஒரு கிராமத்தை அழித்துவிட்டுப் போன இடத்தில் லுக் செத்துக் கிடக்கிறாள். இவள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லையே, எதற்குக் கொன்றார்கள் என்று மார்ட்டின் கேட்கிறான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு 'பாருங்கள், ஃபோர்டு எவ்வளவு மனிதாபிமானி' என்கிறார்கள். பத்து நிமிடம் முன்பு அவளை உதைத்துச் சிரிக்க வைத்ததும் அதே ஃபோர்டு இல்லையா?

இப்போது வருவார்கள். "1956-இல் வந்த படம்மா, இன்றைய அளவுகோலை வைத்துப் பார்க்கலாமா?" பார்க்க வேண்டாம், அன்றைய அளவுகோலை வைத்தே பார்ப்போம். அதற்கு ஆறு வருடம் முன்பு 1950-இல் ஹாலிவுட்டிலேயே 'ப்ரோக்கன் ஏரோ' வந்துவிட்டது, அதில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஒரு அப்பாச்சிப் பழங்குடிப் பெண்ணைக் காதலித்து மணக்கிறார், அதை யாரும் காமெடியாக எடுக்கவில்லை. அதற்கும் முன்னால், கதையின் வேர் இருக்கிற டெக்சாஸிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். 1836-இல் பார்க்கர் கோட்டையிலிருந்து சிந்தியா ஆன் பார்க்கர் என்ற சிறுமியைக் கமான்சிகள் தூக்கிப் போனார்கள். அவளுடைய மாமன் ஒருவர் வருடக்கணக்காகத் தேடி அலைந்தார். அவள் அங்கேயே வளர்ந்து, பீட்டா நோகோனா என்ற தலைவரை மணந்து, மூன்று பிள்ளை பெற்றாள். 24 வருடம் கழித்து, 1860-இல், டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற காவல்படையினர் அவளை 'மீட்டார்கள்'. மீட்கப்பட்டவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் பிள்ளைகளிடம் திரும்பிப் போகத் தவித்தாள், தப்பிக்கப் பார்த்தாள், பிடித்து வைத்துக்கொண்டார்கள். கூட வந்த பெண் குழந்தையும் இறந்துவிட்டது. கடைசிவரை அவளுக்கு அந்த வீடுகள் வீடாகவே இல்லை. அவள் மகன் குவானா பார்க்கர்தான் பின்னாளில் கமான்சிகளின் பெரிய தலைவர்.

படத்துக்கு ஆதாரமான ஆலன் லெ மேயின் நாவல் 1954-இல் வந்தபோது இதெல்லாம் டெக்சாஸில் ஊரறிந்த கதை. படம் என்ன காட்டுகிறது? ராணுவ முகாமில் மீட்கப்பட்ட வெள்ளைக்காரப் பெண்களைச் சித்தம் கலங்கியவர்களாகக் காட்டுகிறது. இவர்கள் இனிமேல் வெள்ளையர்கள் இல்லை என்று ஈத்தன் சொல்ல, கேமரா அவன் முகத்தை நோக்கி நகர்கிறது. அந்த வெறுப்பை ஃபோர்டு நமக்குக் காட்டிக்கொடுக்கிறார், அது மகத்தான ஷாட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்களின் முகத்தை நோக்கி யாருடைய கேமரா நகரும்?

"ஃபோர்டு ஈத்தனை விமர்சிக்கத்தானே செய்கிறார்?" என்று தோழர் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். செய்கிறார். செத்துக் கிடக்கிற கமான்சியின் கண்களைச் சுடுகிற காட்சியில் அவன் நோய் முழுதாகத் தெரிகிறது. கல்யாண உடையில் நிற்கிற மார்ட்டினின் காதலி லாரி, டெபியின் அம்மா மார்த்தா உயிரோடு இருந்தால் அவளே மகளைச் சுடச் சொல்லியிருப்பாள் என்று சொல்லும்போது, நோய் அவன் ஒருவனுக்கு மட்டும் இல்லை என்றும் தெரிகிறது. தொடக்கத்தில் மார்த்தா கணவனின் சகோதரனான ஈத்தனின் கோட்டைத் தடவிக்கொடுக்க, பாதிரியாராக வரும் வார்ட் பாண்ட் கண்டும் காணாதது போல் காபி குடிக்கிறாரே, அந்த மாதிரி ஒரு காட்சி எடுக்க இன்றைக்கும் ஆள் குறைவு. எல்லாம் சரி. விமர்சித்துவிட்டுக் கடைசியில் நம் கண்ணீரை யாருக்கு வாங்கிக் கொடுக்கிறார்?

அப்புறம் இது மகத்தான படம் என்று இயக்குநர் ஸ்கோர்செஸி சொன்னார், இயக்குநர் ஸ்பீல்பெர்க் சொன்னார் என்று வராதீர்கள். அவர்கள் பெரியவர்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பட்டியலையும் காட்டாதீர்கள். வெளிவந்த வருடம் ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூட இந்தப் படத்துக்கு இல்லை. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் நூறு படப் பட்டியலில் 1998-இல் 96-ஆவது இடம், 2007-இல் 12-ஆவது. அதே படம்தான். பார்க்கிறவர்கள் மாறினால் இடமும் மாறும் என்றால், நானும் ஒரு பார்வையாளர்தானே, நான் கேள்வி கேட்டால் மட்டும் எப்படி சாமி குத்தம் ஆகும்?

"உங்களுக்கு வெஸ்டர்ன் பழக்கமில்லை போல" என்ற கமெண்ட்டுக்கு முப்பத்தெட்டு லைக். இது உண்மையிலேயே வலித்தது. எனக்கும் என் அண்ணனுக்கும் பள்ளிக்கூட வயதில் உயிரே லயன் காமிக்ஸ்தான். பஸ் ஸ்டாண்ட் கடையில் புது இதழ் தொங்குகிறதா என்று பார்க்க ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி நடப்போம். அதில் வருகிற வெஸ்டர்ன் நாயகன் டெக்ஸ் வில்லர், எங்கள் இரவுக் கழுகார், நவஹோ பழங்குடித் தலைவரின் மகளை மணந்தவர், நவஹோக்களுக்கே தலைவரானவர், அவர் மகனுக்கு இரண்டு பக்க ரத்தமும் உண்டு. பத்து வயதில் எனக்கு அதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. பின்னாளில் முதல்முறை 'தி சர்ச்சர்ஸ்' பார்த்தபோது, டெக்சாஸ் 1868 என்று போட்டுவிட்டு அரிசோனா-யூட்டா எல்லையில் இருக்கிற மான்யுமென்ட் வேலியைக் காட்டியதும் துள்ளி எழுந்தேன், அது நவஹோக்களின் மண் என்று காமிக்ஸ் படித்த பிள்ளைக்குத் தெரியும். அந்த நவஹோக்களைத்தான் படத்தில் கமான்சிகளாக நிற்க வைத்தார்கள். தலைவன் ஸ்கார் வேடத்துக்கு மட்டும் பெர்லினில் பிறந்த ஹென்றி பிராண்டன். எனக்கா வெஸ்டர்ன் பழக்கமில்லை?

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்டால், சொல்லிவிடுகிறேன். நெருங்கியவர்களுக்குத் தெரியும். என் சின்ன அத்தை 1988-இல் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போனார். தாத்தா தலை முழுகினார். பெரியப்பா தேடினார். மூன்று மாதம் ஊர் ஊராகப் போய்த் தேடினார், கூட்டி வருவதற்காக இல்லை. எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், குழந்தைகளான எங்களுக்கே தெரியும். பதினோரு வருடம் கழித்துப் பாட்டி படுத்த படுக்கையாக, அதே பெரியப்பாதான் போய் அத்தையைக் கூட்டி வந்தார். வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல், வேப்ப மரத்தடியில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எங்கள் சொந்தக்காரர்கள் அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்கள். என்ன மனுஷன்யா, எவ்வளவு பெரிய மனசு, அவர் அழுது அன்னைக்குத்தான் பார்த்தோம் என்று. அத்தை அன்று அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினோரு வருடம் எப்படி இருந்தாய் என்று ஒருவர் கேட்கவில்லை. அவர் பிள்ளைகளின் பெயர்கூடக் கேட்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான், நானும் கேட்கவில்லை.

இதையும் சினிமாவுக்கு வெளியே இருக்கிற விஷயம் என்பீர்கள். எந்தப் படத்தை யார்தான் வெறும் கண்ணை மட்டும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள்? வாசலில் நிற்கிறவன் தனிமை உங்களை உலுக்குகிறது என்றால் அதுவும் உங்கள் வாழ்க்கையிலிருந்து வருவதுதானே. உங்களுடையது ரசனை, என்னுடையது எமோஷன் என்று எப்படிப் பிரித்தீர்கள்?

போன வருடம் அத்தை எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்தபோது இந்தப் படத்தைப் போட்டேன். ஆங்கிலம் புரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். டெபி ஓடுகிறாள், ஈத்தன் குதிரையில் துரத்துகிறான், அந்த இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தூக்கி அணைத்த பிறகும் விடவில்லை. கதவு மூடியது. "உள்ள போனாளே, அப்புறம்?" என்றார். அவ்வளவுதான் அத்தை, படம் முடிஞ்சிருச்சு என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதத் திரையிடலுக்கு வர வேண்டாம் என்று இரண்டு பேர் இன்பாக்ஸில் அன்பாகச் சொல்லியிருக்கிறார்கள். வருவேன். அந்தக் கல்லூரிப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முன்வரிசையில் உட்காருவோம். மைக் கொடுக்கவில்லை என்றாலும் எனக்குக் குரல் இருக்கிறது.