ஜென்னாரோ: பிறந்த மாதம் மட்டுமா?

‘ஜென்னாரோ’ என்ற இத்தாலிய ஆண்பெயருக்கு ‘ஜனவரியில் பிறந்தவர்’ என்று மட்டும் பொருள் கூறி, இப்பெயரைப் பற்றி நான் படித்த கட்டுரை நிறுத்திக்கொண்டது எனக்குச் சற்று வருத்தமே. வாயில்களின் தெய்வமான இயானுஸின் பெயரிலிருந்து வந்த ‘இயானுவாரியுஸ்’ என்ற லத்தீன் சொல்லே இதன் மூலம் என்பது சரிதான். ஆனால் அச்சொல்லின் ‘ஆரியுஸ்’ என்னும் ஈறு நடு இத்தாலியின் டஸ்கனி வழக்கில் ‘ஆயோ’ என்றும் தெற்கே ‘ஆரோ’ என்றும் திரிந்ததால்தான், இத்தாலியப் பொதுமொழியில் மாதம் ‘ஜென்னாயோ’வாகவும் தென்னித்தாலிய நகரான நேப்பிள்ஸில் ஆளின் பெயர் ‘ஜென்னாரோ’வாகவும் வழங்குகின்றன. அந்நகரத் தெருக்களில் கூப்பிடும்போது கடைசி அசையை விட்டுவிட்டு, ‘னா’வை அழுத்தி, ‘ஜென்னா!’ என்பார்கள். இப்பெயர் அங்கே வேரூன்றியதற்குக் காரணம் மாதமன்று. 305-ஆம் ஆண்டளவில் பொட்சுவோலியில் தலை வெட்டப்பட்டு இறந்ததாக நம்பப்படும் பெனவெந்தோ ஆயர் புனித ஜென்னாரோவே நேப்பிள்ஸின் பாதுகாவலர், அவருடைய திருநாளோ செப்டம்பர் 19.