பாடுங்கோ இல்லை, போடுங்கோ!

போன ஞாயிறு திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கலியாண வீட்டில் எங்கள் இசைக்குழுவின் கச்சேரி. மூன்றாவது பாட்டு முடியவில்லை, மாப்பிள்ளையின் தங்கச்சி மேடைக்கு ஓடி வந்தாள். "அண்ணா, அந்த சீரியல் அக்காவின்ர புதுப் பாட்டைப் போடுங்கோ!"

பாடுங்கோ இல்லை. போடுங்கோ! எங்கள் பாடகி மைக்கோடு பக்கத்தில்தான் நிற்கிறாள். காசு தருகிற வீடு, வேறு வழியில்லை. போனை வயரில் கொழுவிப் போட்டோம். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த நடிகை மேல் எனக்குக் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை, பாட ஆசை வந்தால் பாடட்டும். ஆனால் அது பாட்டா? நாலு வரி, திரும்பத் திரும்ப. 'மழை' வருகிற இடத்தில் 'மலை' என்று கேட்கிறது. சுருதியைச் சரிசெய்கிற ஆட்டோடியூன் 1997இலேயே வந்துவிட்டது, சின்னப் பிசிறு தட்ட நானும் பாவிக்கிறேன். முழுக் குரலையும் அதற்குள் போட்டுப் பிழிந்தால் என்ன மிஞ்சும்? ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போவதில்தானே நம்முடைய பாட்டின் உயிர் இருக்கிறது! அதைப் படிக்கட்டு மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பு பஸ்ஸில் மூதூர் தாண்டுவதற்குள் மூன்று தரம் கேட்டேன். ஓட்டோவிலும் அதுதான்.

எங்கள் பாடகி பின்னேரங்களில் டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசில் சொந்த மெட்டில் ஒரு பாட்டுப் பதிவு செய்தாள். ஒரு வானொலிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எட்டு மாதம்! "நேயர்கள் கேட்டால் போடுவோம்" என்கிறார்கள். ஒரு தரமும் போடாத பாட்டை எந்த நேயர் கேட்பார்?

இது பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் ஊர் ஐயா. எழுபதுகளில் இசைத்தட்டு வெளியிட்டவர்கள். ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பைலாத் தாளத்தில் நம்முடைய பேச்சுத் தமிழைப் பாடி நாட்டையே ஆட வைத்த காலம் அது. இலங்கைக்கு ரிவி வந்ததே 1979இல்தான். முகத்தைப் பார்த்தா சனம் அவர்களைக் கேட்டது? குரலைக் கேட்டது, பாட்டைக் கேட்டது! இப்போது சீரியலில் அழுது பழகிய முகம் என்றால் போதும், கேட்காமலேயே 'சூப்பர்' என்று பகிர்கிறோம். பக்கத்துத் தெருப் பிள்ளை பாடினால் முழுசாக ஒரு நிமிடம் கேட்கப் பொறுமை இல்லை.

அடுத்த கிழமை சாம்பல்தீவில் ஒரு கலியாணம். முதல் பாட்டு அவளுடைய பாட்டுத்தான். அந்த நடிகையின் பாட்டைப் போடச் சொன்னால் முற்பணத்தை அங்கேயே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன்.