1963-ஐச் சொல்பவர்கள் 1939-ஐயும் சொல்லுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 28 வந்தால் என் முகநூல் பக்கம் முழுக்க மார்ட்டின் லூதர் கிங்தான். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன்னால், கடல் போன்ற கூட்டத்தை நோக்கிக் கையை உயர்த்தி நிற்கும் அந்தப் படம். கூடவே "எனக்கொரு கனவு உண்டு" என்ற வரி. நானும் அதைப் பலமுறை பகிர்ந்திருக்கிறேன். ஆனால் 1963-இல் அதே நாளில், அதே இடத்தில் நின்று பாடிய 66 வயதுப் பெண்மணி ஒருவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. அவர் பெயர் மரியன் ஆண்டர்சன். அன்று அவர் அங்கே பாடியது முதல் முறையும் அல்ல. 24 ஆண்டுகளுக்கு முன், 1939-இல், அதே படிகளில் அவர் பாடியிருந்தார். அந்த நினைவகத்துக்கு இன்றிருக்கும் பொருள் அந்தப் பாட்டில்தான் பிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். பல நாளாக மனத்தில் கிடந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த நினைவகம் திறக்கப்பட்ட நாளைப் பார்க்க வேண்டும். 1922 மே 30. கட்டடத்தைச் சுற்றி 36 தூண்கள். லிங்கன் கொல்லப்பட்டபோது அமெரிக்க ஒன்றியத்தில் இருந்த மாநிலங்களின் எண்ணிக்கை அது. உள்ளே 19 அடி உயரத்தில் லிங்கன் அமர்ந்திருக்கிறார். டேனியல் செஸ்டர் பிரெஞ்சு என்ற சிற்பி வடிவமைத்த அந்த உருவத்தை, இத்தாலியிலிருந்து வந்து நியூயார்க்கில் குடியேறிய பிச்சிரில்லி சகோதரர்கள் 28 பளிங்குப் பாளங்களில் செதுக்கி ஒன்றாகப் பொருத்தினார்கள். அருமையான வேலைப்பாடு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் லிங்கனின் தலைக்கு மேலே பொறித்திருக்கும் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். ஒன்றியத்தைக் காப்பாற்றியவர் என்று இருக்கும். அடிமைகளை விடுவித்தவர் என்று இருக்காது. தெரியாமல் விட்டுப்போனதல்ல. அடிமை முறையை முன்வைத்து உள்நாட்டுப் போரில் மோதிய வடக்கும் தெற்கும் சேர்ந்து வணங்கும் இடமாக இருக்க வேண்டும், பழைய புண்ணைக் கிளறக் கூடாது என்று எண்ணித்தான் அதை எழுதியவர் அடிமை முறை என்ற பேச்சையே தவிர்த்தார். வடக்குச் சுவரில் பொறித்திருக்கும் இரண்டாவது பதவியேற்பு உரையில் லிங்கனே அதைப் பற்றி நெஞ்சு நடுங்கப் பேசுகிறார். அவருக்கு நினைவகம் கட்டியவர்களுக்குத்தான் நா எழவில்லை.

திறப்பு விழாவில் பேச ஒரு கறுப்பினத் தலைவரையும் அழைத்திருந்தார்கள். டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைவர் ராபர்ட் மோட்டன். லிங்கன் எதற்காக உயிர் கொடுத்தாரோ அதை நாட்டின் வாழ்வில் நாம் மெய்யாக்காவிட்டால் இந்த நினைவகம் வெறும் பாசாங்கின் அடையாளம்தான் என்று அவர் தன் உரையில் எழுதி வைத்திருந்தார். நினைவகக் குழுவினர் அந்தப் பகுதியை முன்கூட்டியே வெட்டச் சொன்னார்கள். வெட்டிய உரையைத்தான் அவர் படித்தார். விழாவுக்கு அழைப்பிதழோடு வந்த கறுப்பின விருந்தினர்களைத் தனியே ஒதுக்கிய பகுதியில் உட்கார வைத்தார்கள். லிங்கனுக்கு எடுத்த விழாவில் இது நடந்தது. சிலர் எழுந்து வெளியேறினார்கள்.

இதற்கு 17 ஆண்டுகள் கழித்துத்தான் மரியன் வருகிறார்.

பிலடெல்பியாவில் 1897-இல் பிறந்தவர். பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்று வந்த தந்தை இவர் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாய் ஊரார் துணியைத் துவைத்துக் கொடுத்து மூன்று பெண்களை வளர்த்தார். குழந்தையின் குரலை முதலில் கண்டுகொண்டது அவர்களுடைய தேவாலயம்தான். எளிய மனிதர்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்து அவருக்குப் பாட்டு வாத்தியார் பிடித்துக் கொடுத்தார்கள். இசைப் பள்ளி ஒன்றில் சேர விண்ணப்பம் வாங்கப் போனபோது, வரிசையில் தன் முறை வரும்வரை அவரை நிற்க விட்டு, கறுப்பினத்தவரை நாங்கள் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவரைக் கொண்டாடியது ஐரோப்பா. 1935-இல் சால்ஸ்பர்க்கில் அவர் பாடியதைக் கேட்ட மாபெரும் இசை நடத்துநர் டோஸ்கனினி, நூறாண்டுக்கு ஒருமுறை கேட்கக் கிடைக்கும் குரல் என்றார்.

அப்படிப்பட்டவருக்குத் தன் நாட்டின் தலைநகரில் பாட ஓர் அரங்கம் கிடைக்கவில்லை. வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகம்தான் அவரை அழைத்துக் கச்சேரி நடத்தி வந்தது. கூட்டம் பெருகியதால் 1939-இல் 'கான்ஸ்டிடியூஷன் ஹால்' என்ற பெரிய அரங்கத்தைக் கேட்டார்கள். சுமார் 4,000 பேர் அமரக்கூடியது. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்றவர்களின் வம்சாவளிப் பெண்கள் நடத்தும் 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்ற சங்கத்துக்குச் சொந்தமானது. வெள்ளைக் கலைஞர்களுக்கு மட்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே விதி வைத்திருந்தார்கள். மறுத்துவிட்டார்கள். வெள்ளையர் படிக்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அரங்கத்தைக் கேட்டபோது நகரக் கல்வி வாரியமும் கதவைச் சாத்தியது.

இந்த இடத்தில்தான் கதையை எல்லோரும் தவறாகச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்து விலகினார், உடனே எல்லாம் நடந்தது என்பதுபோலச் சொல்கிறார்கள். எலினோர் விலகியது பெரிய செயல்தான். தன் நாளிதழ்ப் பத்தியில் அதை எழுதி நாடு முழுக்கப் பேச வைத்தார். அவர்மீது எனக்குப் பெரு மதிப்பு உண்டு. ஆனால் அவர் விலகியதால் அந்த அரங்கம் திறந்துவிடவில்லை. அதற்கு முன்பும் பின்பும் வாஷிங்டனின் கறுப்பின மக்கள் குழு அமைத்து, பதாகை பிடித்துக் கல்வி வாரியத்தின் வாசலில் நின்றார்கள். பள்ளிகளின் நிறவெறிச் சட்டங்களை நீதிமன்றத்தில் உடைக்கப் பாடுபட்ட வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் அவர்களோடு நின்றார். கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் வால்டர் வைட் ஓய்வில்லாமல் அலைந்தார். தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் துறையின் அமைச்சர் ஹரால்ட் இக்கஸ், லிங்கன் நினைவகத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தார். ஒரு பெருமாட்டியின் கருணைக் கதையாக இதைச் சுருக்கினால், வாரக்கணக்கில் தெருவில் நின்றவர்களின் உழைப்பு காணாமல் போய்விடுகிறது. கச்சேரி நடந்த அன்று எலினோர் அங்கே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. முந்தின இரவு மரியன் தன் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, இதைச் செய்துதான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அவரை மிகவும் நெருக்கமாக்கியது இந்தச் சேதிதான். அவர் போராட்டக்காரர் அல்ல; கூச்ச சுபாவம் உள்ள கலைஞர். பாட வந்தவரை நாடே பார்க்கும் ஒரு வழக்கின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். வாஷிங்டனின் ஓட்டல்கள் கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்காத காலம் அது. முன்னாள் ஆளுநர் ஒருவரின் வீட்டில்தான் அவரும் தாயும் சகோதரிகளும் தங்கினார்கள்.

அந்த நாளின் செய்திப்படத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. குளிருக்குத் தடித்த மென்மயிர் மேலங்கி அணிந்திருக்கிறார். அதற்குள்ளே அவர் போட்டிருந்தது பளிச்சென்ற ஆரஞ்சு நிற வெல்வெட் மேற்சட்டை. அந்த உடை இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த நிறம் நமக்குத் தெரிவதில்லை. முன்னால் வரிசையாக ஒலிவாங்கிகள். எதிரே 75,000 பேர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து. 17 ஆண்டுகளுக்கு முன் கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்கார வைத்த அதே இடத்தில்! மரியன் கண்களை மூடிக்கொள்கிறார். பாடுகிறார்.

முதல் பாட்டு, அமெரிக்கக் குழந்தைகள் எல்லோரும் பள்ளியில் பாடும் நாட்டுப்பற்றுப் பாடல். 'சுதந்திரத்தின் இனிய நாடே, உன்னை நான் பாடுகிறேன்' என்ற பொருளில் ஒரு வரி வரும். அந்த 'நான்' என்ற சொல்லை மரியன் பன்மையாக மாற்றிப் பாடினார். ஒரே ஒரு சொல்.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒன்றுதான். தமிழிலோ 'நாங்கள்' என்றும் சொல்லலாம், 'நாம்' என்றும் சொல்லலாம். நாங்கள் என்றால், ஒதுக்கப்பட்ட நாங்களும் இந்த நாட்டைப் பாடுகிறோம் என்றாகும். நாம் என்றால், எதிரே நிற்கும் நீங்களும் நானும் சேர்ந்து பாடுகிறோம் என்றாகும். இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் கூட்டத்தின் படத்தை மறுபடி பார்த்த பிறகு 'நாம்' என்றே எழுத முடிவு செய்தேன். அவர் யாரையும் வெளியே நிறுத்திப் பாடவில்லை. கதவு சாத்தியவர்களுக்கும் சேர்த்தே பாடினார்.

அடுத்து டோனிசெட்டியின் இசை நாடகத்திலிருந்து ஒரு பாட்டு, பிறகு ஷூபர்ட்டின் 'ஆவே மரியா'. அதன் பின் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்கள், அடிமைத்தனத்தில் பிறந்தவை. ஐரோப்பாவின் உயர்ந்த இசையையும் தன் முன்னோரின் கண்ணீரையும் ஒரே மேடையில், ஒரே தரத்தில் வைத்தார். வானொலி அதை நாடெங்கும் கொண்டுபோனது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1944-இல், ஜார்ஜியா மாநிலத்தின் டப்ளின் என்ற ஊரில் ஒரு பேச்சுப் போட்டி. அட்லாண்டாவிலிருந்து வந்த 15 வயது மாணவன் ஒருவன், கறுப்பினத்தவரும் அரசமைப்புச் சட்டமும் என்ற தலைப்பில் பேசினான். அந்தப் பேச்சில் மரியன் ஆண்டர்சன் வருகிறார். லிங்கன் நினைவகத்தில் அவர் பாடியதும், கறுப்பும் வெள்ளையுமாக நிமிர்ந்திருந்த முகங்களின்மேல் கவிந்த அமைதியும் வருகின்றன. பேசிவிட்டு ஆசிரியையோடு பஸ்ஸில் திரும்பும்போது, வெள்ளையர் உட்கார வேண்டும், எழுந்திரு என்று ஓட்டுநர் அதட்டினார். ஏறத்தாழ 90 மைல் தூரம் அந்தப் பையன் நின்றுகொண்டே வந்தான். வாழ்நாளில் தான் அவ்வளவு கோபப்பட்டது அன்றைக்குத்தான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார் அந்த மார்ட்டின் லூதர் கிங்.

1963-இல் அந்தப் படிகளுக்குக் கிங் வந்து சேர்ந்த வழியில் மரியனின் பாட்டும் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டரை லட்சம் பேர் திரண்ட அந்த நாளில் தொடக்கத்தில் தேசிய கீதம் பாட வேண்டியவர் மரியன். கூட்ட நெரிசலில் அவரால் நேரத்துக்கு மேடைக்கு வர முடியவில்லை. இன்னொரு பாடகி பாடினார். மரியன் பிறகு வந்து, உலகம் முழுவதும் அவன் கைகளுக்குள் என்ற ஆன்மிகப் பாடலைப் பாடினார்.

இடைப்பட்ட காலத்தில் சிலவும் நடந்தன. தன்னை மறுத்த கான்ஸ்டிடியூஷன் ஹாலில் 1943-இல் போர் நிவாரணத்துக்காக, பிரித்து உட்கார வைக்காத கூட்டத்தின் முன் பாடினார். 1955-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆபராவில் முக்கியப் பாத்திரம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பினக் கலைஞரானார். அப்போது அவருக்கு வயது 57; குரலின் பொன்னான காலம் கடந்திருந்தது. அந்த ஆண்டுகளை யாரால் திருப்பித் தர முடியும்? இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

என் தங்கை மேரிலாண்டில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒருநாள் விடியற்காலையில் லிங்கன் நினைவகத்துக்குக் கூட்டிப் போனாள். கிங் நின்று பேசிய இடத்தில் தரைக்கல்லில் அவர் வரியும் பெயரும் நாளும் பொறித்திருக்கின்றன. ஒரு தாய் குனிந்து, தன் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்து எழுத்தாகத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல காட்சி. நான் படிகளில் ஏறி இறங்கி மரியனின் பெயரைத் தேடினேன். அந்தப் படிகளில் எங்கும் இல்லை. "என்ன தேடுகிறாய் அண்ணா?" என்று கேட்டாள். சொன்னேன். அவளும் என்னோடு சேர்ந்து தேடினாள்.

அந்தப் பயணத்தில் மீந்த ஐந்து டாலர் நோட்டு ஒன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. முன்பக்கம் லிங்கனின் முகம், பின்பக்கம் லிங்கன் நினைவகம். இந்தப் பின்பக்கத்தில் மரியன் ஆண்டர்சனையும் எலினோர் ரூஸ்வெல்ட்டையும் கிங்கையும் சேர்க்கப் போவதாக 2016-இல் அமெரிக்க நிதித்துறை அறிவித்தது. அந்த நோட்டு இன்னும் வரவில்லை. கையில் இருப்பதை விளக்கருகே பிடித்துப் பார்க்கிறேன். தூண்கள் தெரிகின்றன, படிகள் தெரிகின்றன. படிகளில் ஒருவரும் இல்லை.