ஆடு திரும்பி வந்ததா?

நேற்று ஆசிரியர் குழுக்களில் சுற்றிய அந்த நோட்டுப் பக்கத்தின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதிய கதை. ஓரத்தில் சிவப்பு மையில் "உச்சக்கட்டம் இல்லை, 2/10". "கதைக் கட்டமைப்பை அருமையாகக் கற்பிக்கிறீர்கள்" என்று அதற்குப் பாராட்டு வேறு. ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

பாட்டியின் ஆடு காணாமல் போகிறது. பாட்டி ராத்திரி சாப்பிடவில்லை. பேத்தி பாயில் படுத்தபடி, கழுத்துமணிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். உச்சம் இது இல்லாமல் வேறு எது? சரியாக அந்த வரியின் மேல்தான் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது.

கட்டமைப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதை முதலில், அதன் உறுப்புகளுக்குப் பெயர் பிறகு. அவ்வளவுதான். கதை ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்குவதாகக் கரும்பலகையில் வரையும் அந்த மலைப் படம், ஜெர்மன் எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863-இல் ஐந்து அங்க நாடகங்களை விளக்கச் சொன்ன வடிவத்திலிருந்து வந்தது. எல்லாக் கதையும் அதில் ஏறி இறங்காது. நம் வேதாளம் கதையை முடித்துவிட்டுக் கேள்வி கேட்கும். விக்கிரமாதித்தன் வாயைத் திறந்ததும் மறுபடி முருங்கை மரம். ஜப்பானியர்களின் நான்கு படிக் கதைமுறையில் மோதல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, மூன்றாம் படியில் ஒரு திருப்பம் வந்தால் போதும்.

என் வகுப்பில் காக்கா வடைக் கதையை எட்டுச் சீட்டுகளில் எழுதி, கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொன்னேன். அடுக்கினார்கள். அப்புறம், "ஒரு சீட்டை எடுத்துவிடலாம், எதை எடுப்பீர்கள்?" என்றேன். ஒரு பையன் நரி புகழ்கிற சீட்டை எடுத்தான். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அதை எடுத்துட்டா காக்கா எதுக்கு சார் வாயைத் திறக்கும்?" என்றாள். ஒன்றால் இன்னொன்று நடக்கிறது என்பது அன்றைக்குப் பிடிபட்டது. அந்த இடத்துக்கு அவர்களே "முடிச்சு" என்று பெயர் வைத்தார்கள். "சிக்கல்" என்ற சொல்லை ஒரு வாரம் கழித்துத்தான் பலகையில் எழுதினேன்.

நாற்பத்தைந்து பேர் இருக்கிற வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்பீர்கள். எட்டுச் சீட்டு, ஒரு பாடவேளை, நடக்கும். தேர்வில் குறிப்புகளைக் கொடுத்துக் கதை எழுதச் சொல்கிறார்களே என்றால், ஆமாம், அதற்கும் பழக்கத்தான் வேண்டும். சக ஆசிரியரைப் பொதுவெளியில் குறை சொல்லலாமா என்றும் கேட்பீர்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் கையெழுத்தைப் பொதுவெளியில் போட்டது யார்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

எட்டாம் வகுப்பில் எங்கள் கிணறு வற்றியதைக் கதையாக எழுதினேன். "முடிவு எங்கே?" என்று சுழித்துக் கொடுத்தார்கள். அப்பா தினமும் காலையில் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். அதற்கு என்ன முடிவு எழுதுவேன்? பிறகு பத்து வருஷம் நான் கதை என்று ஒரு வரி எழுதவில்லை. அந்தச் சுழி இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தப் படத்தை எடுத்தவர் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். பக்கத்தின் கடைசி மூன்று வரிகள் படத்தில் வெட்டுப்பட்டிருக்கின்றன. அந்த வரிகளில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். ஆடு திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.